கண்ணில் படாத ஒயர்... நடுவழியில் நிற்கும் வண்டி!

ஐப்பசி மழை இறங்கிய முதல் வாரத்தில் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் ஒரே மாதிரிப் புகார்கள்தான் காதில் விழும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுண்ணே... காலையில செல்ஃப் எடுக்கல." "ஹேண்டிலை இடது பக்கம் திருப்புனா இன்ஜின் ஆஃப் ஆகுது, நேரா வச்சா ஓடுது." "பிரேக் பிடிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுதுண்ணே!"

மூன்றும் வேறு வேறு நோய் மாதிரித் தெரியும். ஆனால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்... ஒயர். எங்கோ ஒரு இடத்தில் உரசியிருக்கும், பச்சை பூத்திருக்கும், எலி கடித்திருக்கும் அல்லது யாரோ ஒருவர் அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்.

ஆயில் மாற்றுகிறோம், செயினுக்குக் கிரீஸ் தடவுகிறோம், டயரில் காற்று பார்க்கிறோம். ஒயரிங்கை மட்டும் வண்டி நிற்கும் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது நிற்கும் நேரமும் நமக்கு வசதியான நேரமாக இருப்பதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போதோ, பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிப்போகும்போதோதான் நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பெட்ரோல் டேங்குக்குக் கீழே தோல் உரிந்த ஒயர் ஒன்று சட்டத்தைத் தொடுவது. அதனால் இந்த வாரம் முழுக்க ஒயரிங்தான். நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டாம். அரை மணி நேரம் ஒதுக்கி, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு நிமிட அடிப்படை

பைக்கிலும் ஸ்கூட்டரிலும் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. அதன் நெகட்டிவ் முனை வண்டியின் சட்டத்தோடு இணைந்திருக்கும். அதாவது, பல்புக்கும் ஹாரனுக்கும் கரன்ட் போவது ஒயர் வழியாக. அது பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதையில் பெரும் பகுதி இரும்புச் சட்டம். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பாசிட்டிவ் ஒயரின் தோல் உரிந்து சட்டத்தைத் தொட்டால் அது ஷார்ட். கரன்ட் குறுக்கு வழியில் பாயும், ஃப்யூஸ் போகும். ஃப்யூஸே இல்லாத ஒயராக இருந்தால், அந்த ஒயரே பழுத்துச் சூடாகி உருகும். இரண்டு, எர்த் ஒயர் பூட்டிய போல்ட் துருப்பிடித்தால், கரன்ட் திரும்ப வழி தெரியாமல் வேறு பல்பு வழியாகச் சுற்றி வரப்பார்க்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது இப்படித்தான். பல்பை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினாலே சரியாகிவிடும்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்பதை இசியூ என்கிற சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குத் தகவல் சொல்வது சென்சார்கள். தகவல் வருவது மெல்லிய ஒயர்களில். பழைய வண்டியில் ஒரு ஒயர் அறுந்தால் ஒரு லைட் எரியாது, அவ்வளவுதான். இன்றைய வண்டியில் ஒரு சென்சார் ஒயர் அறுந்தால் இன்ஜினே கிளம்பாமல் போகலாம்.

ஒரு ஒயர் போதும்... பந்தயமே முடிந்தது!

ஒயரிங் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கவனிப்பு தேவை என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் கட்டும் ஏடிவி வண்டிகள். சேறு, மேடு, பள்ளம், பாறை எதிலும் ஓடக்கூடிய நான்கு சக்கர வண்டிதான் ஏடிவி. 'பாஹா எஸ்ஏஇ இந்தியா' என்ற போட்டிக்காக 2007 முதல் நம் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் இந்த வண்டிகளைத் தாங்களே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். தமிழகக் கல்லூரி அணிகளும் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் வரை வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன. போட்டியின் உச்சம், நான்கு மணி நேரம் விடாமல் ஓட வேண்டிய எண்டியூரன்ஸ் பந்தயம்.

இந்தப் போட்டிக்கென்று வந்த சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கொடுப்பது பேட்டரி அல்ல. சுழலும் ஃப்ளைவீலில் பதித்த காந்தமும், அதன் அருகில் இருக்கும் காயிலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இன்ஜினை நிறுத்த வேண்டுமானால், காயிலில் இருந்து வரும் ஒரு ஒயரைச் சட்டத்தோடு தொடவைத்தால் போதும். அதைச் செய்யத்தான் 'கில் ஸ்விட்ச்'. ஓட்டுபவர் கைக்கு எட்டும்படி ஒன்று, வெளியில் நிற்பவர் அமுக்கும்படி ஒன்று என இரண்டு ஸ்விட்ச் வைக்க வேண்டும் என்பது விதி. ஆபத்து வந்தால் ஒரு தட்டில் இன்ஜின் நிற்க வேண்டுமே!

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஒயர் இரும்புக் குழாய் மேல் உரசிக்கொண்டே போகிறது. வண்டி குலுங்கக் குலுங்க, தோல் தேய்கிறது. உள்ளே இருக்கும் செம்பு, குழாயைத் தொட்ட அந்த நொடியில், யாரும் ஸ்விட்சை அமுக்காமலே இன்ஜின் நின்றுவிடும். மாதக்கணக்கில் வெல்டிங் செய்து, பணம் திரட்டி, இரவெல்லாம் விழித்துக் கட்டிய வண்டி, ஒரு ஜாண் ஒயருக்கு ஸ்லீவ் போடாததால் நடுத்திடலில் நிற்கும். மேட்டில் ஏறும்போது நிற்கும், சமதளத்துக்கு வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இப்படி வந்து வந்து போகும் கோளாறைக் கண்டுபிடிப்பது, முழுதாக அறுந்த ஒயரைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

நம் ஊர்ச் சாலைகளும் வேகத்தடைகளும் பைக்குக்கு என்ன குறைவான குலுக்கலா கொடுக்கின்றன? அந்த வண்டியில் இருப்பது நாலைந்து ஒயர். உங்கள் ஸ்கூட்டரில் கட்டுக் கட்டாக இருக்கிறது.

ஐந்து எதிரிகள்

1. உரசல்: முதல் எதிரி இதுதான். அதிகம் உரசும் இடம் ஹேண்டில் கழுத்து. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அங்கே ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. அடுத்தது, டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கும் ஒயர்கள். மூன்றாவது, சீட்டுக்கு அடியில் தகரத்தின் கூர் விளிம்பு.

2. சூடு: சாதாரண பிவிசி தோல் போட்ட ஒயர், சைலன்சர் பைப்பின் சூட்டைத் தாங்காது. தொட வேண்டும் என்றுகூட இல்லை; தினம் தினம் பக்கத்தில் இருந்தாலே தோல் இறுகி, முறுகி, கடைசியில் அப்பளம் மாதிரி உடையும்.

3. தண்ணீர்: ஒயரின் தோலுக்குத் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஈரம் புகுவதுதான் பிரச்னை. உள்ளே இருக்கும் பின்களில் பச்சை பூக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

4. எலி: எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாய் மூடும். இரவில் வெதுவெதுப்பாக இருக்கும் இன்ஜின் பக்கம் அதற்குப் படுக்கை, ஒயர் அதற்குப் பல் குச்சி.

5. நம் கை: ஐந்தாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால், உண்மை. கூடுதல் லைட், கத்துகிற ஹாரன், மொபைல் சார்ஜர், அலாரம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயரை வெட்டி, தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருப்போம்.

அரை மணி நேரச் சோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். கையில் மோதிரம், வாட்ச், பிரேஸ்லெட் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். எதைக் கழற்றும் முன்பும் மொபைலில் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்த வழியாகப் போனது என்பதை மறுபடி பூட்டும்போது அந்தப் போட்டோதான் சொல்லும்.

முதல் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட்லைட் எரியட்டும். ஹேண்டிலை மெதுவாக இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்புங்கள். லைட் மினுக்கினாலோ, இன்ஜின் தடுமாறினாலோ, ஹேண்டில் கழுத்தில் ஒயர் இழுபடுகிறது அல்லது உள்ளே அறுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் வேகம் மட்டும் ஏறினால் அது ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுவது. அதையும் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு சீட்டையும் சைடு கவரையும் கழற்றுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? நட்டு லூஸாக இருக்கிறதா? எர்த் ஒயர் சட்டத்தில் பூட்டிய இடத்தில் துரு இருக்கிறதா? எந்த ஒயராவது கட்டில் இருந்து விலகித் தொங்குகிறதா? எங்காவது தோல் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? அந்தப் பளபளப்புதான் முதல் எச்சரிக்கை. செம்பு தெரிவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

கீழே குனிந்து சைடு ஸ்டாண்ட் பக்கமும் பாருங்கள். இப்போதைய பல வண்டிகளில் ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜின் கிளம்பாதபடி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சேறும் கல்லும் அடிக்கும் இடத்தில் இருக்கும் அந்த ஒயர் அறுந்தால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் வண்டி 'ஸ்டாண்ட் போட்டிருக்கு' என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

ஒழுங்குபடுத்துவது எப்படி?

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு விதி. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பூட்டும்போது பாசிட்டிவ் முதலில். வரிசை மாறி, பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

கடையில் வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. வரிவரியாக மடிப்பு இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஸ்லீவ், ஒயரிங்குக்கென்றே வரும் துணி டேப், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கேபிள் டை, ஓட்டைகளின் விளிம்பில் மாட்டும் ரப்பர் குரோமெட். ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் எல்லாமே கிடைக்கும்.

டேப் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டு ஸ்விட்ச் போர்டு வேலைக்குப் பயன்படுத்தும் பளபளப்பான பிவிசி டேப், இன்ஜின் சூட்டில் பசை இளகி, ஆறே மாதத்தில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். அதில் மண்ணும் ஒட்டும். துணி டேப் சூட்டையும் தாங்கும், உரசலையும் தாங்கும், ஒயர்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தத்தையும் குறைக்கும்.

ஒயரைக் கட்டும்போது மனதில் வைக்க வேண்டியவை மூன்றுதான். ஒயர் அசையக் கூடாது, உரசக் கூடாது, நனையக் கூடாது.

அசையாமல் இருக்க, சட்டத்தோடு சேர்த்து ஒரு ஜாண் இடைவெளியில் கேபிள் டை போடுங்கள். இறுக்கிப் பிழிய வேண்டாம். ஒயரின் தோல் அமுங்காத அளவு போதும். மீதி வாலை ஒட்ட வெட்டுங்கள். சாய்த்து வெட்டிய முனை பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் இரண்டோடும் எந்த ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரோடு சென்சார் ஒயரைச் சேர்த்துக் கட்டுவதும் தவறு. ஹேண்டில் கழுத்திலும், ஷாக் அப்சார்பர் ஏறி இறங்கும் இடத்திலும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். அங்கே இறுக்கிக் கட்டினால் சுத்தமாகத் தெரியும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

உரசாமல் இருக்க, ஸ்லீவ் மாட்டுங்கள். மடிப்பு ஸ்லீவில் நீளவாக்கில் கீறல் இருக்கும். ஒயரை வெட்டாமலே உள்ளே நுழைக்கலாம். தகரத்தில் ஓட்டை வழியாக ஒயர் போனால் குரோமெட் கட்டாயம். சைலன்சர் பக்கம் போகும் ஒயருக்கு வேறு வழி இருந்தால் அதுதான் நல்லது. சூட்டைத் தாங்கும் ஸ்லீவ் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

நனையாமல் இருக்க, ஒரு சின்ன உத்தி. ஒயர் நேராக மேலிருந்து கப்ளருக்குள் இறங்கினால், மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். கப்ளருக்கு முன்பு ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி மாட்டினால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பச்சை பூத்த கப்ளரை காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு, இதற்கென்றே வரும் சிலிகான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி மூடுங்கள். செயினுக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். வாட்டர் சர்வீஸ் விடும்போது, பிரஷர் தண்ணீரை ஹெட்லைட்டின் பின்பக்கமும் சீட்டுக்கு அடியிலும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அறுந்த ஒயரை இணைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே அல்ல, தற்காலிகச் சமாதானம். சரியான அளவு கனெக்டர் போட்டு, கிரிம்பிங் பிளையரால் அமுக்கி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஸ்லீவை ஒயரை இணைப்பதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். பிறகு மாட்ட வழி இருக்காது. சுருக்குவதற்கு பெட்ரோல் டேங்க் பக்கத்தில் லைட்டர் பற்றவைக்கவே கூடாது. ஹீட் கன் இருக்கும் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஐந்தாறு ஒயர்கள் சேர்ந்து அறுந்திருந்தால், இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒரு இணைப்பு இன்னொன்றைத் தொட வாய்ப்பே இருக்காது.

ஃப்யூஸ் இடத்தில் சிகரெட் தாள்!

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் இருக்கும் இளைஞர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று வண்டி சொல்கிறது. அதைக் கேட்காமல், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும், 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் போடுவதும் இன்னும் நடக்கிறது. வண்டி ஓடும், சந்தேகமே இல்லை. ஆனால், அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது உருகப்போவது ஃப்யூஸ் அல்ல, ஒயர். அதற்குச் சற்று மேலேதான் பெட்ரோல் இருக்கிறது.

பிளேடு ஃப்யூஸின் நிறமே அளவைச் சொல்லிவிடும். வெளிர் பழுப்பு 5, அடர் பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். போன ஃப்யூஸ் என்ன நிறமோ, அதே நிறத்தைத்தான் போட வேண்டும். கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கி டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் லைட் போடுவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். அந்த ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு ஜாணுக்குள் இருக்க வேண்டும். லைட் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால், நடுவில் வரும் ஒயர் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் இருக்கும். லைட்டின் கரன்ட்டை ஹேண்டில் ஸ்விட்ச் வழியாக இழுக்காமல் ரிலே போடுங்கள். ரிலேயில் 30 என்ற முனை பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக வருவது. 87 லைட்டுக்குப் போவது. 85, 86 இரண்டும் ஸ்விட்சுக்கும் எர்த்துக்கும். ஸ்விட்ச் சின்ன கரன்ட்டை மட்டும் தொடும். பெரிய வேலையை ரிலே பார்த்துக்கொள்ளும்.

வண்டியின் சொந்த ஒயரிங் செட்டை எங்கேயும் வெட்டாமல் இதைச் செய்ய முடியும். வெட்டிவிட்டால், பிறகு வாரன்ட்டி கேட்கும்போது சர்வீஸ் சென்டரில் கை விரிக்க வாய்ப்பு அதிகம். எதிரில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் லைட்டும், பல குரலில் அலறும் ஹாரனும் மோட்டார் வாகன விதிகளுக்கும் எதிரானவை. காசு கொடுத்து அபராதம் வாங்க வேண்டாமே!

வெள்ளத்தில் மூழ்கினால்...

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தன. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பாதீர்கள். கிக்கரையும் உதைக்காதீர்கள். ஈரக் கப்ளர்களில் கரன்ட் பாய்ந்தால் இசியூ போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் இன்ஜினுக்குள்ளேயே சேதம் வரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ சர்வீஸுக்குக் கொண்டுபோவதுதான் கடைசியில் செலவு குறைந்த வழி.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பார்ப்பது, கட்டுவது, ஸ்லீவ் மாட்டுவது, எர்த் போல்ட் சுத்தம் செய்வது, அதே அளவு ஃப்யூஸ் மாற்றுவது... இவை உங்கள் எல்லை. இசியூ, சென்சார் ஒயர்களில் டெஸ்ட் லேம்ப் ஊசியைக் குத்திப் பார்ப்பது, சாவி ஸ்விட்சைப் பிரிப்பது போன்றவை தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், பேட்டரி, மோட்டார் பக்கம் போகும் தடித்த ஒயர்களைத் தொடவே வேண்டாம். அங்கே வோல்ட்டேஜும் அதிகம், பாயும் கரன்ட்டும் அதிகம்.

கடையில் கொடுக்கும்போதும் "கரன்ட் பிரச்னை, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இடது பக்கம் திருப்பும்போதுதான் நிற்குது", "வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள்ல இருந்து வருது", "போன மாசம் சார்ஜர் போட்டேன்" என்று சொல்லுங்கள். தேடும் நேரம் பாதியாகும். உங்கள் பில்லும் குறையும்.

வாசகர் கேள்விகள்

"மூன்று மாதத்தில் இரண்டு முறை எலி கடித்துவிட்டது. நாப்தலின் உருண்டை வைக்கலாமா?" - ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒரு வாசகி

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டால் ஆபத்து. புகையிலை, மிளகாய்த்தூள் எல்லாம் நாலு நாளில் வீரியம் போய்விடும். எலி மருந்து வைத்தால், அது வண்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கவும் வாய்ப்புண்டு. மிளகாயின் காரச்சத்து ஏற்றிய டேப் ஒன்றை ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்கிறது. அந்த மாதிரி டேப் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும், கடித்த இடத்தில் மடிப்பு ஸ்லீவ் போட்டு, ஸ்கூட்டருக்கு அடியில் இருக்கும் பெரிய இடைவெளிகளுக்குக் கம்பி வலை கட்டச் சொல்லுங்கள். வலை சைலன்சரையும் சக்கரத்தையும் தொடக் கூடாது. நிறுத்தும் இடத்தில் குப்பை, நாய்க்குப் போட்ட சோறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பல நாள் அசைக்காமல் நிறுத்தாதீர்கள். எலிக்குப் பிடித்தது ஆள் நடமாட்டம் இல்லாத இடம்.

"பதினைந்து வருட பைக். ஒயரிங் முழுக்க டேப் மேல் டேப். மொத்தமாக மாற்ற வேண்டுமா?" - ஒரு வாசகர்

இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கெட்டிருந்தால் இணைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒயரை மெதுவாக வளைக்கும்போதே தோல் நொறுங்கினால், அல்லது உரித்துப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், யோசிக்காமல் முழு ஒயரிங் செட்டையும் மாற்றுங்கள். மாடலைப் பொறுத்து விலை வித்தியாசப்படும். அதே மாடலுக்கு, அதே வருடத்துக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய செட்டைக் கழற்றும் முன் போட்டோ எடுப்பதை மறக்க வேண்டாம். புதியதைப் போட்ட பிறகு, பழைய லைட், ஹாரன் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கி மாட்டாமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்த வாரம்: மழைக்காலத்தில் பிரேக் ஏன் வழுக்குகிறது, டிஸ்க்கும் டிரம்மும் ஈரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்போம். அதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்!